பத்து மில்லிவாட் வம்பு

ஹாம் ரேடியோக்காரர்களுக்கு, அதாவது உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காக ரேடியோ இயக்கும் அமெச்சூர்களுக்கு, வம்பு வளர்க்க எப்போதும் ஏதாவது ஒன்று கிடைத்துவிடும். 1950-களில் சிங்கிள் சைட்பேண்ட் என்ற குரல் முறை பரவியபோது, அதெல்லாம் ஒரு குரலா என்று பழைய ஏஎம் ஆட்கள் முகம் சுளித்தார்கள். 2003-இல் சர்வதேச வானொலி மாநாடு மோர்ஸ் தேர்வு இனி கட்டாயமில்லை என்று சொன்னதும், கண்டவரெல்லாம் உள்ளே வந்துவிடுவார்கள் என்று புலம்பினார்கள். 2017-இல் எஃப்டி8 என்ற டிஜிட்டல் முறை வந்தது. இரண்டு கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்வதற்கு நடுவில் மனிதன் எதற்கு என்று கேட்டார்கள். அதை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜோ டெய்லர் இயற்பியலுக்காக நோபல் பரிசு வாங்கியவர். அந்தத் தகவலும் அவர்களை மசிய வைக்கவில்லை.

இப்போது வம்புக்குள் சிக்கியிருப்பது, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதான ஒரு பொருள். பெயர் டிஜிட்டல் ஹாட்ஸ்பாட். போனில் இன்டர்நெட்டைப் பகிர்ந்துகொள்ளும் ஹாட்ஸ்பாட் அல்ல. உரிமம் பெற்ற அமெச்சூர் ஒருவர் தன் வீட்டு மேஜையில் வைத்துக்கொள்ளும், தனக்கு மட்டுமேயான குட்டி நிலையம். ஹேண்டி என்ற கையடக்க ரேடியோவில் பிடிடி பொத்தானை அழுத்திப் பேசினால் குரல் இந்தப் பெட்டி வரைக்கும் ரேடியோ அலையாகப் போகும். அதற்குமேல் இன்டர்நெட். மறுமுனையில் நியூசிலாந்திலோ பிரேசிலிலோ ஒருவர் மேஜைமேல் இதேபோன்ற இன்னொரு பெட்டி அதை மீண்டும் அலையாக்கி அவருடைய ஹேண்டிக்குக் கொடுக்கும்.

வம்பும் இதிலிருந்துதான் கிளம்புகிறது. ரேடியோ அலை பயணம் செய்வது இந்தப் பக்கம் மூன்று மீட்டர், அந்தப் பக்கம் மூன்று மீட்டர். நடுவில் பன்னிரண்டாயிரம் கிலோமீட்டரைக் கடப்பது ஃபைபர் கேபிள். இதற்கு வாட்ஸ்அப்பில் கூப்பிட்டுப் பேசிவிடலாமே, உரிமம் எதற்கு, தேர்வு எதற்கு?

கேள்வி நியாயமானது. ஆனால் ரேடியோ அலை எத்தனை மீட்டர் போகிறது என்பதை வைத்து இதற்கு விடை தேடுவது வீண் என்பது என் கட்சி. பெட்டிக்குள் என்ன இருக்கிறது, அதைப் பிரித்துப் பார்க்க நமக்கு எவ்வளவு இடமிருக்கிறது என்பதை வைத்துத்தான் தேட வேண்டும்.

பிரித்துத்தான் பார்ப்போமே. கீழே ஒரு ராஸ்பெர்ரி பை ஜீரோ டபிள்யூ. 65 மில்லிமீட்டர் நீளம், 30 மில்லிமீட்டர் அகலமுள்ள முழுக் கம்ப்யூட்டர். லினக்ஸ் ஓடும், வைஃபை உண்டு. அதன் தலைமேல் அதே அளவில் இன்னொரு பலகை குந்தியிருக்கும். அதில் ஒரு சிறு மைக்ரோகன்ட்ரோலர், அனலாக் டிவைசஸ் நிறுவனத்தின் ஏடிஎஃப்7021 என்ற ரேடியோ சிப், விரல் நீள ஆன்டெனா. சிலவற்றில் யார் பேசுகிறார் என்று அவருடைய அழைப்புக்குறியான கால்சைனைக் காட்ட ஒரு சின்னத் திரையும் இருக்கும். வெளிவிடும் திறன் சுமார் 10 மில்லிவாட். ஒரு சாதாரண ஹேண்டி 5 வாட் விடும். அதாவது இதைப்போல 500 மடங்கு. அதனால்தான் ஹேண்டியைப் பெட்டிக்கு மிக அருகில் வைத்து முழுத் திறனில் பேசாதீர்கள் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். அந்தச் சிறு சிப் திணறிப்போகும். குறைந்த திறனில் வைத்து, அடுத்த அறையிலிருந்து பேசுவது உத்தமம்.

பேசும்போது என்ன நடக்கிறது? டிஎம்ஆர் என்ற முறையையே எடுத்துக்கொள்வோம். ஹாட்ஸ்பாட்களில் அதிகம் புழங்குவது அதுதான். இது ஹாம்களுக்காகச் செய்ததே அல்ல. தொழிற்சாலைகளும் டாக்சி நிறுவனங்களும் பயன்படுத்துவதற்காக ஐரோப்பியத் தரநிலை அமைப்பான எட்சி 2005-இல் வெளியிட்டது. ஹேண்டிக்குள் இருக்கும் கோடெக் உங்கள் குரலை 20 மில்லிசெகண்ட் துண்டுகளாக நறுக்கி, நொடிக்கு 2450 பிட்டுகளாகச் சுருக்கும். வழியில் சேதமாகும் பிட்டுகளை மீட்பதற்கென்று கூடுதலாகச் சிலவற்றைச் சேர்த்தால் 3600. மூன்று துண்டுகளை ஒன்றாகக் கட்டி ஒரே மூச்சில் அனுப்பும். அந்த மூச்சுக்குக் கிடைக்கும் நேரம், அதாவது ஸ்லாட், 30 மில்லிசெகண்ட். அடுத்த 30 மில்லிசெகண்ட் வேறொருவருக்கு. இப்படி ஒரே அலைவரிசையில் இரண்டு பேச்சுகள் முட்டிக்கொள்ளாமல் ஓடும். 60 மில்லிசெகண்ட் பேச்சைப் பாதி நேரத்தில் அனுப்பிவிடுவதால், மீதி நேரம் ஹேண்டியின் டிரான்ஸ்மிட்டர் ஓய்ந்திருக்கும். பாட்டரிக்கும் லாபம்.

ஹாட்ஸ்பாட் இந்த மூச்சுகளைப் பிடித்து, பிட்டுகளாக்கி, வைஃபை வழியே ஒரு சர்வருக்கு அனுப்பும். பிராண்ட்மைஸ்டர் என்பது இப்படிப்பட்ட வலையமைப்புகளில் பிரபலமானது. தன்னார்வலர்கள் பல நாடுகளில் சர்வர் வைத்து நடத்துவது. அதில் பேச்சு டாக்குரூப் என்ற எண்களாகப் பிரிந்திருக்கும். 91 உலகத்துக்கே பொது. 404 இந்தியாவுக்கு. இந்த 404 எங்கிருந்து வந்தது என்றால், செல்போன் சிம்களுக்கு நாடு வாரியாக ஒதுக்கியிருக்கும் எண் அது. இந்திய ஹாம்களின் ஏழிலக்க டிஎம்ஆர் அடையாள எண்ணும் 404 என்றே தொடங்கும். இலங்கைக்கு 413. புதிதாகப் பெட்டியைப் பொருத்தியவர் யாரையும் தொந்தரவு செய்யாமல் சோதித்துப் பார்க்க 9990 இருக்கிறது. அதை அழைத்துப் பேசினால் நம் குரலே நமக்குத் திரும்பி வரும். கிளி என்றே அதற்குப் பெயர். சொந்தக் குரல் டிஜிட்டல் அரைப்பில் எப்படி வருகிறது என்று முதன்முறை கேட்பவருக்குக் கொஞ்சம் அதிர்ச்சிதான்.

ரேடியோவையும் இன்டர்நெட்டையும் முடிச்சுப்போடும் ஆசை ராஸ்பெர்ரி பையைவிட வயதானது. கனடாவின் டேவிட் கேமரன் 1997-இல் ஐஆர்எல்பி என்ற ஏற்பாட்டைத் தொடங்கி, ஊருக்கு ஊர் இருந்த, அலையை வாங்கித் திரும்ப ஒலிபரப்பும் ரிப்பீட்டர்களை நெட் வழியே இணைத்தார். 2002-இல் அமெரிக்காவின் ஜொனாதன் டெய்லர் எக்கோலிங்க்கைக் கொடுத்தார். அதில் ரேடியோவே இல்லாமல் கம்ப்யூட்டரிலிருந்தும் பேசலாம். அன்றைய சண்டை இன்றைய சண்டையைவிடச் சூடாக இருந்தது. ஜப்பானின் அமெச்சூர் ரேடியோ லீக் டி-ஸ்டார் முறையை உருவாக்கிற்று. குரல் நேராக டிஜிட்டலாகவே வெளியேறும், ஹாம்களுக்கென்றே பிறந்த முறை அது. யேசு நிறுவனம் 2013-இல் சிஸ்டம் ஃபியூஷனைக் கொண்டுவந்தது. ஆக, ஒருவரோடு ஒருவர் பேச முடியாத மூன்று டிஜிட்டல் மொழிகள், மூன்று விதமான கருவிகள். டி-ஸ்டார் வாங்கினால் டி-ஸ்டார்காரர்களோடு மட்டும் பேசலாம். ஊரில் எந்த ரிப்பீட்டர் இருக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் கருவி வாங்க முடியும். ரிப்பீட்டரே இல்லாத ஊர்க்காரர் பாடு அதோகதி.

இங்கேதான் ஜொனாதன் நேய்லர் வருகிறார். இங்கிலாந்துக்காரர். டி-ஸ்டார் ரிப்பீட்டர்களுக்கு ஏற்கெனவே இலவச மென்பொருள் எழுதிக்கொடுத்திருந்தவர். 2016 வாக்கில் அவர் எம்எம்டிவிஎம் என்ற மென்பொருளை வெளியிட்டார். டி-ஸ்டார், டிஎம்ஆர், ஃபியூஷன் எல்லாவற்றையும் ஒரே மோடம் புரிந்துகொள்ளும். வருகிற அலை எந்த முறையைச் சேர்ந்தது என்று அதுவே கண்டுபிடித்து மாறிக்கொள்ளும். அவர் மனதில் இருந்தது ஆர்டுவினோ டியூ பலகையை வைத்துப் பழைய அனலாக் ரிப்பீட்டர்களை டிஜிட்டலாக்குவது. வீட்டு மேஜை அல்ல. சிலி நாட்டு ஹாம் ஒருவர் அதே மென்பொருளை ஏடிஎஃப்7021 சிப்புக்குப் பொருந்தும்படி மாற்றி எழுதினார். ஜெர்மானியர் இருவர் ராஸ்பெர்ரி பைமேல் செருகும் பலகையை வடிவமைத்தார்கள். வேல்ஸைச் சேர்ந்த ஆண்டி டெய்லர், லினக்ஸ் கட்டளை ஒன்றுகூடத் தெரியாதவரும் பிரவுசரில் கால்சைனை நிரப்பிச் சேமித்தால் போதும் என்ற அளவுக்கு எளிமையாக்கி, பை-ஸ்டார் என்ற பெயரில் கொடுத்தார். இவர்கள் யாரும் ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தவர்கள் இல்லை. ஒருவர் எழுதியதை எல்லோரும் பார்க்கும்படி வைத்தார், அடுத்தவர் அதன்மேல் கட்டினார்.

பிறகு நடந்தது ஊகிக்கக்கூடியதே. திறந்த வடிவமைப்பு என்றால் யார் வேண்டுமானாலும் செய்யலாம். சீனாவிலிருந்து நகல் பலகைகள் மலிவு விலையில் குவிந்தன. வடிவமைத்தவர்களுக்கு அதில் காலணா போய்ச் சேரவில்லை. அவர்களுடைய பெயரைப் பலகையிலிருந்து நீக்கிவிட்டு விற்றவர்களும் உண்டு. அது அற்பத்தனம். அதே நேரம், அந்த நகல்கள் இல்லாமல் ஹாட்ஸ்பாட் இவ்வளவு கைகளுக்குப் போயிருக்காது என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

மலிவு நகலின் வலி வேறோர் இடத்தில் தெரியும். பெட்டியை இணைத்தாயிற்று, எல்லாம் பச்சை விளக்கு. பிறர் பேசுவது கேட்கிறது. நாம் பேசினால் மட்டும் மறுமுனையில் கடகடவென்று இரைச்சல், அல்லது மௌனம். புதியவர்கள் பாஸ்வேர்டை மாற்றுவார்கள், சர்வரை மாற்றுவார்கள், கடைசியில் பெட்டியையே மாற்றுவார்கள். பெரும்பாலும் குற்றவாளி, பலகையில் அலைவரிசையை நிர்ணயிக்கும் படிக ஆஸிலேட்டர்தான். டிஎம்ஆரில் பிட்டுகள் அலைவரிசையை நடுக்கோட்டிலிருந்து நான்கு இடங்களுக்கு நகர்த்துவதன்மூலம் போகின்றன. மேலே 648 ஹெர்ட்ஸ், 1944 ஹெர்ட்ஸ். கீழே அதே அளவு. அடுத்தடுத்த இரண்டு இடங்களுக்கு நடுவே 1296 ஹெர்ட்ஸ் இடைவெளி. அதில் பாதியான 648 ஹெர்ட்ஸ் அளவுக்கு நடுக்கோடு தவறினால் ஒன்று இன்னொன்றாகத் தெரிய ஆரம்பிக்கும். 435 மெகாஹெர்ட்ஸில் 648 ஹெர்ட்ஸ் என்பது பத்து லட்சத்தில் ஒன்றரைப் பங்கு. மலிவான படிகம் அவ்வளவு தவறுவது அதிசயமே இல்லை.

மருந்தும் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. பை-ஸ்டாரின் முகப்புப் பக்கத்தில், வந்த பிட்டுகளில் எத்தனை சதவீதம் பிழை என்று ஒரு கட்டம் காட்டும். பொத்தானை அழுத்திப் பேசிக்கொண்டே அதைக் கவனிக்க வேண்டும். பெறும் அலைவரிசையை ஐம்பது ஐம்பது ஹெர்ட்ஸாக நகர்த்தி, பிழை எங்கே அடிமட்டத்தைத் தொடுகிறதோ அங்கே நிறுத்த வேண்டும். ஒரு சதவீதத்துக்குக் கீழே வந்தால் குரல் தெளிந்துவிடும். கஷ்டமில்லாத வேலை. ஆனால் இதைச் செய்து முடித்தவருக்கு அலைவரிசை, மாடுலேஷன், ஆஸிலேட்டர் நிலைத்தன்மை மூன்றும் பாடப்புத்தகம் இல்லாமலே புரிந்திருக்கும். வாட்ஸ்அப் அழைப்பில் இரைச்சல் வந்தால் நாம் செய்யக்கூடியது ஃபோனை வைத்துவிட்டுத் திரும்பக் கூப்பிடுவதுதான்.

ஆக, பெட்டி திறந்த பெட்டிதான். மென்பொருள் திறந்தது, பலகை திறந்தது, வலையமைப்பைத் தன்னார்வலர்கள் நடத்துகிறார்கள். இத்தனைக்கும் நடுவில் பூட்டிய அறை ஒன்று இருக்கிறது. குரலைச் சுருக்கும் கோடெக். டி-ஸ்டார், டிஎம்ஆர், ஃபியூஷன் மூன்றும் ஏம்பி என்ற குடும்பத்தைச் சேர்ந்த கோடெக்கைத்தான் பயன்படுத்துகின்றன. அது அமெரிக்காவின் டிஜிட்டல் வாய்ஸ் சிஸ்டம்ஸ் நிறுவனத்தின் சொத்து. ஹேண்டி வாங்கும்போதே அதன் உரிமக் கட்டணம் விலைக்குள் அடங்கிவிடும். உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கவோ, மாற்றி எழுதவோ முடியாது.

ஹாட்ஸ்பாட் இந்தச் சிக்கலிலிருந்து தப்பித்த விதம் சுவாரஸ்யமானது. அது குரலைத் தொடுவதே இல்லை. தபால்காரர் உறையைப் பிரிக்காமல் வீட்டுக்கு வீடு சேர்ப்பதுபோல, வந்த பிட்டுகளை மேல்முகவரி மட்டும் பார்த்து அப்படியே கைமாற்றிவிடும். அதனால்தான் அந்த மலிவுப் பலகையில் கோடெக் சிப் எதுவும் தேவைப்படுவதில்லை. ஃபியூஷன் ஹேண்டியிலிருந்து டிஎம்ஆர் டாக்குரூப்பில் பேச முடிவதும் இதனால்தான். இரண்டும் ஒரே வகைச் சுருக்கத்தைப் பயன்படுத்துவதால் உறையை மாற்றினால் போதும். டி-ஸ்டாரில் இருப்பது அதே குடும்பத்தின் பழைய வகை. அதை டிஎம்ஆருக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் குரலைப் பிரித்து மறுபடியும் சுருக்க வேண்டும். அதற்குக் காசு கொடுத்து அந்தச் சிப்பை வாங்கியாக வேண்டும்.

பூட்டு என்றால் சாவி தேடுகிறவர்களும் இருப்பார்கள். டிஒய்டி நிறுவனத்தின் எம்டி-380 என்ற மலிவான டிஎம்ஆர் ஹேண்டியின் உள்மென்பொருளை டிராவிஸ் குட்ஸ்பீட் என்ற அமெரிக்கரும் நண்பர்களும் உடைத்துத் திறந்தது ஹாம் உலகில் பெரிய பேச்சாக இருந்தது. அந்த முயற்சியைப் பார்த்துப் பலர் கருவிக்குள் தாங்களே எழுதிய நிரல்களை ஏற்றத் தொடங்கினார்கள். ஆனால் பூட்டை உடைப்பது ஒரு வழி என்றால், பூட்டே இல்லாத அறையைக் கட்டுவது இன்னொரு வழி. ஆஸ்திரேலியாவின் டேவிட் ரோவ் அதைத்தான் செய்தார். கோடெக்2 என்ற குரல் சுருக்க முறையை எழுதி, யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று வெளியில் வைத்தார். போலந்தின் வோய்ச்செக் காச்மார்ஸ்கி அதை எடுத்து 2019-இல் எம்17 என்ற முழு டிஜிட்டல் முறையைத் தொடங்கினார். வார்சாவில் அவர்களுடைய ரேடியோ கிளப் இருக்கும் மொகோடோவ்ஸ்கா தெரு, 17-ஆம் எண் கட்டடம்தான் பெயரில் இருக்கிறது. இத்தாலிய ஹாம்கள் தொடங்கிய ஓப்பன்ஆர்டிஎக்ஸ் என்ற உள்மென்பொருளை ஏற்றி, சிறிது சோல்டரிங் வேலையும் செய்தால் எம்டி-380 குடும்பத்து ஹேண்டிகளே எம்17 பேசும்.

நேய்லரின் எம்எம்டிவிஎம் எம்17-ஐயும் கற்றுக்கொண்டது. டி-ஸ்டாருக்கும் டிஎம்ஆருக்குமாக வாங்கிய அதே பலகை, புது மென்பொருளை ஏற்றியதும் அது வாங்கப்பட்ட நாளில் பரவியிராத ஒரு முறையில் பேசுகிறது. கடையில் வாங்கிய எந்த ஹேண்டிக்கும் இந்த யோகம் சுலபத்தில் வாய்ப்பதில்லை. என்னைக் கேட்டால், உலகம் முழுக்கப் பேசலாம் என்பதைவிட இதுதான் ஹாட்ஸ்பாட்டின் பெருமை. எம்17-இல் இன்று பேச ஆட்கள் குறைவு என்பதை மறைக்க வேண்டியதில்லை. டாக்குரூப் 91-இல் எந்நேரமும் கூட்டம். எம்17-இன் பேச்சறையான ரிஃப்ளெக்டரில் பொழுதுக்கும் காத்திருக்க வேண்டிவரும்.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. பத்து மில்லிவாட் ஆனாலும் அது டிரான்ஸ்மிட்டர். கால்சைன் இல்லாதவர் இயக்கக் கூடாது. கால்சைன் இருப்பவரும் தன் உரிமத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் படிக்க வேண்டும். அமெச்சூர் நிலையத்தை இன்டர்நெட்டோடு இணைப்பதை ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு விதமாகப் பார்க்கிறது. பிரிட்டனில்கூட முன்பு இதற்குத் தனி அனுமதி கேட்க வேண்டியிருந்தது. 2024-இல் அங்குள்ள ஆஃப்காம் உரிமத்தைத் திருத்தியபோதுதான் ஹாட்ஸ்பாட் போன்ற குறைந்த திறன் கொண்ட கேட்வேக்களுக்கு அந்தத் தொல்லை நீங்கியது. பக்கத்து வீட்டு ஹாம் வைத்திருக்கிறார் என்பது அனுமதி ஆகாது.

அலைவரிசை தேர்வு இன்னொரு பொல்லாத சங்கதி. 435 முதல் 438 மெகாஹெர்ட்ஸ் வரை அமெச்சூர் செயற்கைக்கோள்களுக்கு என்று உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட பகுதி. ஐந்நூறு கிலோமீட்டர் உயரத்திலிருந்து வரும் மெல்லிய சிக்னலை ஒருவர் மொட்டைமாடியில் ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பிப் பிடித்துக்கொண்டிருப்பார். பக்கத்து மாடியிலிருந்து உங்கள் பெட்டி அதன்மேல் உட்கார்ந்துவிடும். பத்து மில்லிவாட் யாரை என்ன செய்யும் என்று நினைக்க வேண்டாம், அருகில் இருந்தால் செய்யும். இந்தியாவில் இந்தப் பட்டை 434-இலிருந்து 438 வரைதான். செயற்கைக்கோள் பகுதியைக் கழித்தால் மிஞ்சுவது ஒரே ஒரு மெகாஹெர்ட்ஸ். அதிலும் கார் சாவியும் கேட் ரிமோட்டும் கீழ்ப்பக்கத்தில் முட்டும். பட்டையின் நடுவில் கண்ணை மூடிக்கொண்டு கைவைக்கிறவர்களால்தான் சண்டையே வருகிறது.

டாக்குரூப்பில் பேசும் நாகரிகமும் கொஞ்சம் வேண்டும். ஒருவர் முடித்ததும் உடனே பாயாமல் இரண்டு மூன்று நொடி விட வேண்டும். பெட்டியிலிருந்து சர்வருக்கும் சர்வரிலிருந்து பெட்டிக்கும் போய்வரும் தாமதத்தில், உள்ளே நுழைய நினைத்த மூன்றாமவருக்கு வாசல் திறப்பது அந்த இடைவெளியில்தான். பெயர் சொல்லாமல் பொத்தானை வெறுமனே அழுத்திப் பார்ப்பதும் வேண்டாம். நீங்கள் அழுத்தும்போது உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான மேஜைகளில் திரை ஒளிர்ந்து உங்கள் கால்சைன் வந்து நிற்கிறது. மோர்ஸ் காலத்தில் இவ்வளவு விளம்பரம் கிடையாது.

ஹாட்ஸ்பாட்டை வெறுப்பவர்களின் வலுவான வாதத்தைக் கடைசிக்கு வைத்திருந்தேன். இன்டர்நெட் போனால் இது செங்கல். 2004 டிசம்பரில், அமெச்சூர் ரேடியோ தேசிய நிறுவனத்தின் குழுவோடு பாரதி பிரசாத் போர்ட் பிளேயரில் இருந்தார். அந்தமானிலிருந்து உலக ஹாம்களோடு பேசுவதற்காகப் போன பயணம் அது. 26-ஆம் தேதி நிலம் குலுங்கியது, கடல் ஏறியது, தொலைபேசி அறுந்தது. அவர்கள் கையில் இருந்தது சிற்றலையில் பேசும் ஹெச்எஃப் கருவியும் ஆன்டெனாவும். அயன மண்டலத்தில் பட்டுத் திரும்பும் அலைக்கு நடுவில் சர்வரும் வேண்டாம், கோபுரமும் வேண்டாம். தீவிலிருந்து செய்திகள் அந்த வழியில் வெளியே வந்தன. அன்று அவர்கள் கையில் ஹாட்ஸ்பாட் இருந்திருந்தால் ஒரு பயனும் இருந்திருக்காது.

இதை மறுக்க எதுவும் இல்லை. ஆனால் வாதம் பெட்டியோடு நின்றுவிட வேண்டும், ஹேண்டிவரைக்கும் போகக் கூடாது. டிஎம்ஆர் ஹேண்டிகள் இரண்டு, ஹாட்ஸ்பாட்டும் இன்டர்நெட்டும் இல்லாமல் நேருக்கு நேர் பேசிக்கொள்ளும். அலைவரிசையும், கலர் கோடு என்ற அடையாள எண்ணும், ஸ்லாட்டும், டாக்குரூப் எண்ணும் இரண்டிலும் ஒன்றாக இருந்தால் போதும். மொட்டைமாடி ஏறினால் சில கிலோமீட்டர் போகும். நேய்லர் முதலில் நினைத்தபடி எம்எம்டிவிஎம் வைத்துக் கட்டிய ரிப்பீட்டர் ஊர்க் குன்றின்மேல் இருந்தால், நெட் போனாலும் பாட்டரி இருக்கும்வரை அது ஊரைச் சேர்த்து வைக்கும்.

கோளாறு என்னவென்றால், ஹாட்ஸ்பாட் வழியாகவே ஹேண்டி பழகியவர்களில் பலருடைய கோட்பிளக்கில் இருநூறு டாக்குரூப் இருக்கும், நேருக்கு நேர் பேச ஒரு சிம்ப்ளெக்ஸ் சேனல் இருக்காது. கோட்பிளக் என்பது ஹேண்டிக்குள் ஏற்றும் சேனல் பட்டியல். பெரும்பாலும் யாரோ தயாரித்ததை அப்படியே எடுத்து ஏற்றிக்கொள்வார்கள். கம்ப்யூட்டரைத் திறந்து, ஊர் நண்பர்களோடு பேசி ஒப்புக்கொண்ட ஓர் அலைவரிசையை முதல் சேனலாகச் சேர்க்கப் பத்து நிமிடம் ஆகும். ஞாயிற்றுக்கிழமை காலை வைஃபையை அணைத்துவிட்டு அதில் கூப்பிட்டுப் பார்த்தால், யார் வீடு வரைக்கும் எட்டுகிறது, எந்தக் கட்டடம் மறைக்கிறது என்பது தெரிந்துவிடும்.